அம்மா விருந்தாளியான வீடு

ஏழாம் மாதத்தில் என் வலிக்குத் தெளிவான ஓர் இடம் இருந்தது. அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்புகள் முன்பக்கம் சேரும் மூட்டு. ஒரு காலில் நின்றால் அது விலகிக்கொண்டு போவதுபோல் குத்தும்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினியர் நான். எதையும் வரிசைப்படுத்திக்கொண்டால் பாதி தீர்ந்துவிடும் என்று நம்புகிறவள். பிசியோதெரபிஸ்ட் சொன்னதையும் வரிசையாக மனப்பாடம் செய்தேன். உட்கார்ந்துதான் உடை மாற்ற வேண்டும். முழங்கால்களைச் சேர்த்து, நடுவில் தலையணை வைத்துத்தான் புரள வேண்டும். சம்மணம் கூடாது. மாடிப்படி கூடாது. குத்தவைக்கவே கூடாது.

கடைசி இரண்டில்தான் சிக்கல். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா இருப்பது மாடியில்; செங்குத்தான படி, குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. வாடகை வீடு என்பதால் எதையும் மாற்ற முடியாது. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம்; தலைப்பிரசவம் அங்கேதான். அம்மா ஓர் அறையை ஒழித்து, தொட்டில் கட்டத் தன் பழைய சேலையைத் துவைத்து வைத்திருந்தாள். போனில் அவள் அதைச் சொல்லும்போதெல்லாம், வர முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமியார் வீட்டில் நடந்த வளைகாப்பன்று மணைக்குப் பதிலாக நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, மகாராணிக்குச் சிம்மாசனமோ?" சந்தனம் பூசிக்கொண்டே பெரியம்மா, அம்மாவின் அக்கா, கேட்டாள். "நாங்கல்லாம் வலிக்கின்னு சொல்லியா பெத்தோம்?"

"சொல்லியிருந்தா ஒங்களுக்கும் சேர் போட்டிருப்பாக மதினி," என்றார் என் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் நான் நாற்காலியைப் பிடித்து எழுந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கார் வந்து நின்றபிறகுதான் சொன்னேன்.

"அம்மா, நான் வரல. அந்தப் படி ஏற என்னால முடியாது. பாத்ரூமும் முடியாது."

"அம்புட்டு வலியாட்டி?"

தலையசைத்தேன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"அப்ப நான் இங்க வாரேன்," என்றாள்.

"சம்பந்தி வீட்டுல போயி மாசக்கணக்கா தங்குவாகளாட்டி?" பெரியம்மா அவளை அதட்டினாள்.

"நம்மூரு மடவார் வளாகத்துச் சிவன், பிரசவத்துக்குத் தவிச்ச பிள்ளை இருந்த எடத்துக்குத்தான தாயா வந்தாரு? நான் வந்தா என்னக்கா?"

"வாங்க மதினி, எனக்கும் பேச்சுத்துணை," என்றார் மாமியார்.

அந்த வாரமே அம்மா வந்துவிட்டாள், தொட்டில் சேலையோடு. தன் வீட்டு அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிச் சத்தமாக வேலை செய்கிறவள். இங்கே எனக்குப் பால் ஆற்ற ஒரு டம்ளர் எடுக்கவும் கேட்டாள்.

"மதினி, இத எடுத்துக்கிடட்டா?"

"இதுக்கெல்லாமா கேப்பீக?"

அடுத்த வேளையும் கேட்டாள். அறைக்குள் எனக்கு அது கேட்கும். நான் முழங்கால்களைச் சேர்த்து, தலையணையை இடுக்கிக்கொண்டு, மெல்லச் சுவர்ப்பக்கம் புரண்டு படுப்பேன்.