எண்ணெய் தேய்த்த முதுகு

மன்னார்குடி சிகிச்சை அறையில் நான், அப்பா, அண்ணன், பிசியோதெரபிஸ்ட் நான்கு பேரும் இருந்தோம். அம்மா வரவில்லை, நடவுக்குப் போய்விட்டாள். ஆனால் காலையில் அவள் தேய்த்துவிட்ட நல்லெண்ணெய் அண்ணனின் தோளிலும் முதுகிலும் மினுமினுத்தது.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்து, இடது தோள் இறுகி ஊர் திரும்பியவன் அண்ணன். மறுபடி போக ஏஜென்டிடம் முன்பணம் கட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து ஐந்தாம் நாள் சென்னையில் மெடிக்கல். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும்.

மன்னார்குடியில் இப்படி ஒரு சிகிச்சை உண்டென்று விசாரித்து அழைத்து வந்தவன் நான். தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை விரலால் அழுத்திப் பிடித்து, நிமிடக்கணக்கில் மெதுவாக இழுத்து இளக்குவார்கள். முதல் தடவையிலேயே, மார்பு உயரத்தில் நின்றுபோன கை காதுவரை வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான், இரண்டாம் தடவை கிளம்பும்போது அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். வேண்டாம் என்றேன்.

"ஒருத்தர் கை வைக்கிற உடம்ப வறட்டுன்னா அனுப்புவாங்க?"

அவளைத் தேய்க்க விட்டுவிட்டேன். பேசியிருக்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் கை வைத்தார், வழுக்கியது. துண்டால் துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் வழுக்கியது.

"யாருய்யா எண்ணெய் தேய்ச்சது? தோலு பிடி கொடுத்தாத்தானே இழுக்க முடியும்? படிச்ச பையன் நீ, சொல்ல மாட்டே?"

"தெரியாம செஞ்சிட்டாங்க சார். நாளைக்கு வரட்டுங்களா?"

"நாளைக்கு ஆள் இருக்கு. நாளன்னிக்கு வாங்க. இன்னிக்கு ஃபீஸ வச்சிட்டுப் போங்க."

அப்பா பணத்தை மேசைமேல் எறிந்தார். தெருவுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தடவுனாலும் காசு, தடவலைன்னாலும் காசு. உன் படிப்பக் கொண்டுபோய் வாய்க்கால்ல போடு."

"நாளன்னிக்கு வந்துடலாம்ப்பா. கை வருதுல்ல?"

"வாய மூடு. நாத்துக்கட்டு தூக்குன உடம்பு இது. பூப்போல தொட்டா கேக்குமா?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைப் பாயில் குப்புறப் படுக்கவைத்தார். முதுகில் முழங்காலை ஊன்றி இடது கையைப் பின்னால் வாங்கி இழுத்தார்.

"அப்பா, விடுங்கப்பா!" அண்ணன் அலறினான்.

"கத்தாதடா, கட்டு உடையுது."

நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். ஒரே தள்ளில் சுவரோரம் போய் விழுந்தேன். மறுநாள் அண்ணனின் கை மார்புவரைகூட எழவில்லை. பிசியோதெரபிஸ்ட் வரச்சொன்ன நாளில், அந்தத் தோளைத் தொடவே மாட்டேன் என்று கதவருகிலேயே அனுப்பிவிட்டார்.

மெடிக்கலில் வலது கை மட்டும் உயர்ந்தது. அன்றே அண்ணனின் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்த ஏஜென்ட், முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்.