பூங்கா பெஞ்சில் உட்கார்ந்த வெல்டர்

இரண்டாயிரத்து நாலைந்து வாக்கில் ஓசூரில் மனை விலை ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் காலனியில் பூங்காவுக்கென்று விட்டிருந்த இடம் முள்காடாகக் கிடந்தது. நாங்களே கூடி அதைச் சுத்தம் செய்தபோதுதான் அந்த வெல்டர் பழக்கமானார். ஒல்லியான ஆள், எப்போதும் சிவந்த கண்கள். பழைய பைப்புகளில் ஊஞ்சலும் பெஞ்சும் செய்து தந்தார். பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் விரல் முட்டியால் இருமுறை தட்டிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு காலை நான்கு பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

“இது எங்க சைட்டு. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிடணும். இல்லன்னா நடக்கறதே வேற” என்றான் இரும்புத் தடி வைத்திருந்தவன்.

மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு கேட் வரைக்கும் பின்வாங்கினோம். வெல்டர் மட்டும் மெல்லப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். தடிக்காரன் அவர் முகத்தருகே குனிந்து மிரட்டினான். அவர் எழவில்லை. சற்று நேரத்தில் எதிர்வீட்டு அம்மா போய் அவரருகே உட்கார்ந்தார். பிறகு இன்னும் நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் திட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

“உங்களுக்குப் பயமே இல்லையாண்ணா?” என்று கேட்டேன்.

“காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு சார். நிக்க முடியல, அதான் குந்திக்கினேன்” என்றார்.

அவர்கள் மறுபடி வரவில்லை. பூங்கா இருக்கிறது. எனக்கும் அன்று அதே நடுக்கம்தான். என் கால்கள் மட்டும் ஏன் கேட் பக்கம் போயின என்று இன்றும் தெரியவில்லை.