ஒரு வீட்டில் இரண்டு பங்காரம்மா

நகரிப் பக்கத்திலிருந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பங்காரம்மாவுக்கு, வந்த வாரமே பெயர் போய்விட்டது. நகை போனால் தேடலாம். செருப்பு போனால் கோயில் வாசலில் நின்று சண்டை போடலாம். பெயர் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

மாமியாரின் பெயரும் பங்காரம்மா, அதுதான் வம்பு. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், இதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டுகிற வீராசாமி, பெற்ற தாயின் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிட முடியுமா? மாமியாருக்கு வேறு கவலை.

"நாளைக்கு இவளை யாராச்சும் பேர் சொல்லித் திட்டினா, என்னைத் திட்டின மாதிரி ஆவாதா?" என்றாள். திட்டப்போவது பெரும்பாலும் அவள்தான் என்பது வேறு விஷயம்.

எதிர்வீட்டுக் கோதண்டபாணி, கூப்பிடாமலே பஞ்சாயத்துக்கு வருகிறவர், வழி சொன்னார். "பங்காரம்னா தெலுங்குல தங்கம். தமிழ்ல பொன்னு. ஊரே இப்பத்தான் ஆந்திராவுலேர்ந்து இந்தப் பக்கம் வந்துச்சி, போர்டெல்லாம் தமிழ்ல மாத்தலியா? பொன்னம்மான்னு கூப்பிடுங்க. அர்த்தம் ஒண்ணுதானே!"

கனகம் என்றாலும் பொன்தான் என்றாள் நாத்தனார் ஞானம்மாள். தெருவுக்கு ரெண்டு கனகம்மா இருக்கிறார்கள் என்று மாமியார் அதைத் தள்ளிவிட்டாள். புதுப்பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அர்த்தம் ஒன்றுதான். அவளுக்குக் குழப்பமே அங்கேதான். அர்த்தம் ஒன்றென்றால் கூப்பிடும்போது ஏன் திரும்பத் தோன்றவில்லை? குழாயடியில் "பொன்னம்மா, உன் கொடம் வழியுது!" என்று கத்துவார்கள். எவள் குடமோ என்று இவளும் சேர்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த அவள் அம்மா, ஊர் எல்லையிலுள்ள பங்காரம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்றவள் அவள். பெயர் அம்மனுடையது. அதை மாற்றினால் அம்மன் கோபித்துக்கொள்வாளா? அல்லது அவளுக்கும் கொஞ்சம் தமிழ் தெரியுமா?

ஒருமுறை அவளுடைய நைனா ஊரிலிருந்து வந்தார். தெருவிலிருந்தே ஆசையாக, "பங்காரூ!" என்றார். மாமியார் கரண்டியும் கையுமாக வெளியே வந்து நின்றாள். "யாருய்யா அது, என் பேரைச் சொல்லிக் கூப்பிடறது?" பாவம், சம்பந்திக்கு முகம் வெளிறிப்போயிற்று. அதற்குப் பிறகு அவரும் மகளைப் பொன்னம்மா என்றே கூப்பிட்டார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அடுப்பில் புகை என்று சொல்லி அழுது தீர்த்தாள்.

இரண்டு பையன்கள் பிறந்த பிறகு, பெரியவனுக்குக் காய்ச்சல் கண்டபோது மலையேறி அர்ச்சனைக்கு நின்றாள். குருக்கள் பையன் பெயரைக் கேட்டார், சொன்னாள். "தாயார் பேர்?" என்றார். எந்தப் பெயரைச் சொல்வது? பின்னாலிருந்த கூட்டம் நெருக்கவே, "பொன்னம்மா" என்று சொல்லிவிட்டாள். படியிறங்கும்போது பயம் பிடித்துக்கொண்டது. உலகத்தில் எத்தனை பொன்னம்மா! முருகன் வேறு எவள் பிள்ளைக்காவது காய்ச்சலை இறக்கிவிட்டால்? மறுநாள் திரும்ப ஏறி இரண்டு பெயரையும் சொன்னாள். "பையனுக்கு ரெண்டு தாயாரா?" என்று கேட்டுவிட்டு, குருக்கள் இரண்டுக்கும் சேர்த்தே பூவைப் போட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாமியார் போய்ச் சேர்ந்தாள். மருமகள் மனசாரத்தான் அழுதாள். காரியமெல்லாம் முடிந்து, குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள்.

"இன்னாங்க, இனிமேலாச்சும் என் பேரை எனக்குக் குடுத்துடுங்களேன்."

"வருசத் தெவசம் ஆவட்டும்மே. ஊர் இன்னா சொல்லும்?"

"சத்தியமா?"

"ஆங், சத்தியமா" என்று குதிரையின் தலையில் அடித்துச் சொன்னான் வீராசாமி. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

தெவசம் வருவதற்குள், இரண்டு பையன்களும் மீசை முளைத்து நிற்கிற காலத்தில், ஒரு பெண்குழந்தை பிறந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து ஓடிவந்த ஞானம்மாள் குழந்தையின் நெற்றியைப் பார்த்ததும் உடைந்துபோனாள். "எங்கம்மாவே வந்து பொறந்துகிறாடா!" அப்புறம் பெயருக்கு யோசனை எதற்கு? வீராசாமி பெண்டாட்டியின் கண்ணைப் பார்க்காமல் குதிரையைப் பார்க்கப் போய்விட்டான்.

தன் பெயர் தன் மகளுக்கு. சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெற்ற குழந்தையிடம் போய்ப் பொறாமைப்படுவார்களா? அதுவும் போகட்டும், மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாதே, இந்தக் குழந்தையை அவள் என்னவென்று கூப்பிடுவாள்?

பெயர் வைக்கிற அன்று தொட்டிலைச் சுற்றி வீடு நிறைய ஜனம். ஞானம்மாள் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"பங்காரம்மா!"

"ஆங்" என்றாள் தாய்.

அவளை அறியாமல் வந்துவிட்டது. கோதண்டபாணி இடி இடியென்று சிரித்தார். "உன்னை இல்லமே, கொழந்தையைக் கூப்பிட்டேன்" என்றாள் ஞானம்மாள். அவள் தலை குனிந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். வீராசாமி மட்டும் சிரிக்கவில்லை. தொட்டில் பக்கம் வந்து அக்காவை நகரச் சொன்னான்.

"பொன்னம்மா" என்று குழந்தையைக் கூப்பிட்டான். ஞானம்மாள் பதறினாள். "இன்னாடா இது, அம்மா பேரு?"

"அர்த்தம் ஒண்ணுதானேக்கா" என்றான்.

பிறகு பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான். தன்னைப் பெற்றவளின் பெயரை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பங்காரம்மா, கொழந்தையைத் தூக்கு."

சற்றுமுன் கூப்பிடாமலே பதில் சொன்னவள் இப்போது தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். யாரையோ சொல்கிறான் என்பது போல் நின்றாள். வீராசாமி இன்னொரு தரம் கூப்பிட்டான்.