சேரச் சொல்லி வந்த கடிதம்

கனடாவின் மொன்றியலில் வீட்டுக் கதவில் இருக்கும் சிறு துவாரத்தின் வழியே கடிதங்கள் வீட்டுக்குள் விழும். கொண்டுவந்தவரின் முகம் தெரியாது. இலங்கையிலிருந்து வந்து எட்டு வருடமாகியும், அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு அசையாமல் நிற்பார். ஊரில் சமாதானம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த ஓர் இலையுதிர்காலத்தில், பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு என் பெயரில் தடித்த உறை ஒன்று வந்தது. பல்கலைக்கழகத்தில் கூடிய புள்ளிகள் எடுத்தவர்களுக்கான மாணவர் கௌரவச் சங்கம் என்னை அழைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

“என்னவாம்?”

“கெட்டிக்காரப் பிள்ளையளைச் சேர்க்கினமாம், அம்மா.”

“சேர்க்கினமோ?” அம்மாவின் முகம் வெளிறியது. “வேண்டாம். ஒண்டிலயும் சேர வேண்டாம்.”

‘சேர்’ என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான். அண்ணனும் வகுப்பில் முதலாவதாக வந்தவன். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேர் வந்து கதைத்துவிட்டுப் போன மறுநாள், ரியூஷனுக்கென்று சைக்கிளை எடுத்தவன் திரும்பவில்லை. “இயக்கத்தில சேர்ந்திட்டானாம்” என்று வாசல் படலையில் நின்றபடி யாரோ சொன்னார்கள். அம்மா போராளிகளின் முகாம் முகாமாக நடந்து மகனைக் கேட்டார். விரும்பித்தான் வந்தான் என்று அவன் கையெழுத்திட்ட தாளைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்குள் பெட்டி வந்தது. திறக்க விடவில்லை.

எனக்கோ அந்த அழைப்பு வேண்டியிருந்தது. இந்த ஊர் அதுவரை என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. மூன்று நாள் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வியாழக்கிழமை, சங்கத்துக்குப் பொறுப்பான பிரெஞ்சுக்கார அம்மையாரிடம் போய், “சேர்ந்த பிறகு விலகலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். படிப்புச் சுமையை எண்ணித் தயங்குகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

“தாராளமாக! யாரும் உன்னைத் தேடி வீட்டுக்கு வரமாட்டார்கள்.”

அவருக்கு அது வேடிக்கை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, அங்கேயே கையெழுத்திட்டேன்.

விஷயத்தைச் சொன்னதிலிருந்து அம்மா என்னோடு கதைக்கவில்லை. விழா நாளன்று காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “நானும் வாறன். தனிய விடமாட்டன்.”

மண்டபத்தில் புதியவர்கள் எழுந்து, வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லத் தொடங்கினோம். பின்வரிசையில் இருந்த அம்மா எழுந்து, எல்லோரும் பார்க்க வரிசைகளின் நடுவால் நடந்து வந்தார். பெருமை தாளாமல் வருகிறார் என்று நினைத்து அந்த அம்மையார் கைதட்டினார். அம்மா என் இடக்கையை இறுகப் பற்றிக்கொண்டார். வலக்கை மேலே நிற்க, ஆங்கில வசனங்களைச் சொல்லி முடித்தேன். எல்லோரும் கையை இறக்கிய பிறகும் அம்மா என் கையை விடவில்லை.