ஒரு கொம்பியூட்டருக்குள் நாலு மேசை

எத்தாளை ஊர் றுமைஸாவுக்கு நோயாளிகளிடம் பொறுமை உண்டு. கொம்பியூட்டரிடமும் தம்பியிடமும் இல்லை.

குவைத்தில் பல வருடங்கள் படுக்கையில் கிடந்த கிழவர்களைக் கழுவி, திருப்பி, ஊட்டிவிட்டு ஊர் திரும்பியவள் அவள். இப்போது அதே வேலைக்குப் போகவிருக்கும் பெண்களுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் வகுப்பு எடுக்கிறாள். வகுப்பை ஒழுங்கு செய்வது, பாலாவியில் பயிற்சி நிலையம் நடத்தும் ஹஃபீலா. வீட்டிலிருப்பதோ ஒரேயொரு பழைய கொம்பியூட்டர். கருவாட்டு வியாபாரியான தம்பி பதியுதீனுக்கும் அதுதான். போன் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாததால் அவனுடைய வாட்ஸ்அப் எந்நேரமும் அதில் திறந்து கிடக்கும்.

போன கிழமை வந்தது வினை. "இதுதான் படுக்கைப் புண். வடிவாப் பாருங்க" என்று றுமைஸா படத்தைக் காட்டினாள். மாணவிகளின் திரையில் தெரிந்ததோ, பதியுதீன் வாட்ஸ்அப்பில் விரித்து வைத்திருந்த கட்டாக் கருவாட்டுப் படம்.

"மிஸ், இது எத்தனையாம் கட்டப் புண்?" என்று கேட்டாள் நஸ்ஹா என்ற மாணவி.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஹஃபீலா சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் இப்பிடி நடந்தா வகுப்பை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும், றுமைஸா ராத்தா. அடுத்த வகுப்பில நானும் இருந்து பார்ப்பேன்" என்றாள்.

ஒரே திரையை நாலு தனி மேசையாக்கும் மென்பொருள் இருக்கிறதாம். ஒரு மேசையில் விரித்தது மற்றதில் தெரியாதாம். றுமைஸா தேடத் தொடங்கினாள். முதலில் இறக்கியது, மேசை மாறும்போதெல்லாம் திரையைப் பெட்டிபோலச் சுழற்றிக் காட்டியது. ஒரு சுழற்சியிலேயே கொம்பியூட்டர் மூச்சடைத்து நின்றது. இரண்டாவது, மேசைக்கு முன்னால் விளம்பரத்தை விரித்தது. மூன்றாவதைப் போட்டபின் கொம்பியூட்டர் அரை நாள் எழும்பவே மறுத்தது.

"நான் என்ன கலியாண வீட்டு அலங்காரமா கேட்டேன்?" என்று திரையைப் பார்த்துச் சீறினாள். அவளுக்கு வேண்டியது நல்ல தாதியைப் போன்ற ஒன்று. சத்தமில்லாமல் வர வேண்டும், வேலையை முடிக்க வேண்டும், இடத்தை அடைக்கக் கூடாது.

கடைசியில் அப்படியொன்று அகப்பட்டது. கையளவுச் சாமான். பூவும் இல்லை, பொட்டும் இல்லை. விசையை அமத்தினால் மேசை மாறும், அவ்வளவுதான். முதல் மேசை வகுப்புக்கு, இரண்டாவது கருவாட்டுக்கு என்று பிரித்தாள்.

"ராத்தா, என்ட கருவாடெல்லாம் எங்க?" பதியுதீன் பதறினான்.

"உன்ட மேசையில ஈக்கிது. இந்த விசையை அமத்து."

"வருது, போகுது! ஜின் வேலை மாதிரி ஈக்கே!"

"ஜின்னும் இல்ல, ஒண்டும் இல்ல. ஷைத்தான் மட்டும் ஒண்டு என் முன்னால நிக்கிது. என்ட மேசைப் பக்கம் வந்துராத."

வகுப்பு தொடங்கியது. ஹஃபீலாவின் முகமும் திரையின் மூலையில் இருந்தது. கருவாட்டின் வால்கூடத் தெரியவில்லை. றுமைஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நோயாளியை மெதுவாப் பக்கவாட்டில திருப்பி, முதுகைப் பார்க்கணும்."

"அடியில ஈரம்! திருப்பினா நாத்தம்!" என்றது ஒலிபெருக்கி. "பதியுதீன் நானா, இதை மனிசன் தின்பானா?"

பதியுதீனிடம் கருவாடு வாங்கும் சிலாபத்து வியாபாரியின் குரல். பதியுதீன் கேட்டுக்கொண்டிருந்த குரல் பதிவு, இணைப்பு இழுபட்டு நடுவில் நின்றிருந்தது. அவன் அதை அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். இப்போது அது தானாகத் தொடர்ந்துவிட்டது. மேசைகள் நாலு, ஒலிபெருக்கி ஒன்று. இதை எந்த மென்பொருளும் அவளுக்குச் சொல்லவில்லை.

றுமைஸா இரண்டாம் மேசைக்குப் போய்ப் பதிவை நிறுத்தினாள். அதற்குள் பதியுதீன் ஓடிவந்தான். "அவனுக்குப் பதில் செல்லணும் ராத்தா, கட்டா எல்லாம் திருப்பி அனுப்பிப் போடுவான்!"

ஹஃபீலா பேச வாயெடுத்தாள். றுமைஸா முந்திக்கொண்டாள். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, கமராவுக்கு எதிரே கிடந்த கட்டிலில் சாய்த்தாள்.

"எல்லாரும் பாருங்க. இவர் பக்கவாத நோயாளி. ஒரு பக்கம் விளங்காது, பேச்சும் வராது."

"ராத்தா, நான்..."

"பேச்சு வராது எண்டேன்."

தூரத்துக் கையை மார்பில் வைத்தாள். முழங்காலை மடித்தாள். தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து ஒரே இழுப்பு. கொழுத்த பதியுதீன் சத்தமில்லாமல் உருண்டான். மாணவிகள் சிரிப்பை மறந்து திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்கள். மறுபக்கமும் ஒருமுறை காட்டச் சொன்னாள் நஸ்ஹா. காட்டினாள்.

முடிவில் ஹஃபீலா தொண்டையைச் செருமினாள். "படத்தைவிட இது நல்லம். அடுத்த கிழமையும் இந்த நோயாளி வரட்டும்."

"இனி எந்தக் கிழமையும் வகுப்பு நேரத்தில இவர் இந்தக் கட்டில்லதான் கிடப்பார்" என்றாள் றுமைஸா.

பதியுதீன் கட்டிலில் கிடந்தபடியே வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.