அக்கா முந்திச் சிரித்த நாள்

போன வருடம், மாரி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிறு பின்னேரம். திருகோணமலையில் எங்கள் ஓர்ஸ் ஹில் பக்கத்து மண்டபம் ஒன்றில் வெளிநாட்டுப் படம் இலவசமாகக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐரோப்பாவில் காலங்காலமாக மேடையேறிவரும் ஒரு நகைச்சுவை நாடகத்தைப் பாலே நடனமாக ஆடி, அதைப் படம் பிடித்திருந்தார்கள். பாலே என்றால் கால்விரல் நுனியில் நின்று ஆடுவது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சும்மா கிடைப்பதை விடுவானேன் என்றுதான் போனேன்.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு காது போய்விட்டது. கதைக்கத் தெரியும். ஆனால் தன் குரல் மற்றவர்களுக்கு எப்படிக் கேட்குமோ என்ற கூச்சத்தில் வீட்டாரோடு மட்டும்தான் கதைப்பார். படம் பார்க்கும்போது பகிடிகளை நான் கையாலும் வாயசைவாலும் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். சனமெல்லாம் சிரித்து முடிந்த பிறகு அக்கா சிரிப்பார். என்னைப்போல் பகிடி சொல்ல ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

படம் தொடங்குமுன் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இந்தப் படத்தில கதை ஒண்டும் இல்லை, ஆட்டம் மட்டும்தான்" என்றார். யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள் என்பதைத்தான் மனிதர் அப்படிச் சொன்னார். எங்கள் ஊரில் பேச்சும் கதைதான், நடந்ததைச் சொன்னாலும் கதைதான். கதையில்லாத படத்தை ஆர் பார்ப்பது என்று பின்வரிசையில் ஒரு பெண் புறுபுறுத்தபடி எழும்பினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழும்பினார்கள். நானும் எழும்பத்தான் பார்த்தேன். அறிவிப்புக் காதில் விழாத அக்கா கதிரையில் அசையாமல் இருந்தார். சரியென்று நானும் இருந்துவிட்டேன்.

படத்தில் ஒரு பணக்காரக் கிழவர், குமர்ப்பெண் ஒருத்தியைக் கட்ட ஆசைப்பட்டு இளந்தாரி மாதிரித் துள்ளிக் குதிக்கிறார். இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. நிமிர முடியவில்லை. வளைந்தபடியே பெண்ணைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார். வழக்கம்போல் சொல்லிக்கொடுக்க நான் கையைத் தூக்கினேன்.

அதற்குள் அக்கா சிரித்துவிட்டார். மண்டபத்தில் வேறு ஒருவரும் இன்னும் சிரிக்கவில்லை. வயிற்றிலிருந்து வெடித்து, மூச்சு வாங்கி, கண்ணீர் வழிய, முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒரே வீட்டில் கூடப்பிறந்து வளர்ந்தவள் நான், இந்தச் சிரிப்பை ஒருநாளும் கேட்டதில்லை. அப்படியென்றால் இவ்வளவு காலமும் நான் கேட்டது என்ன சிரிப்பு? தூக்கிய கையை மெல்ல மடியில் வைத்தேன். மிச்சப் படத்தை நான் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியில் வந்ததும் கையால் கேட்டேன், நான் சொல்லச் சொல்லச் சிரித்ததெல்லாம் பொய்யா என்று. அக்கா குடையை விரித்து, மடக்கி, நேரம் கடத்தினார். பிறகு அந்தக் கூச்சக் குரலில் சொன்னார்:

"பாதிப் பகிடி எனக்கு விளங்கிறேல்லை. நான் சிரிக்காட்டி நீ சொல்லுறதை விட்டிடுவாய் எண்டு பயந்தனான்."

போகிற வருகிற சனம் பார்க்க, தெருவில் நின்று அழுதேன்.

இப்போதும் இருவரும் சேர்ந்துதான் படம் பார்க்கிறோம். அண்மையில் ஒருநாள் நான் விழுந்தடித்துச் சொன்ன பகிடிக்கு அக்கா முகத்தைச் சுளித்து, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். சிரிக்காவிட்டாலும் நான் சொல்வதை விடமாட்டேன் என்று அக்கா நம்பத் தொடங்கிவிட்டாரே, அது எனக்குப் போதும்.