சந்திரனில் இறக்கிவிடப்பட்ட கண்டக்டர்

மாரண்டஹள்ளி டீக்கடைக்குள் கண்டக்டர் சென்றாயன் நுழைந்தால், டிரைவர் ஹயாத் பாஷா மீதி டீயைத் தரையில் கொட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். எட்டு வருஷம் இதைப் பார்த்திருக்கிறேன்.

1965-இல் பாஷாவும் வேறு ஆறு டிரைவர்களும் ரகசியமாகச் சங்கம் தொடங்கினார்கள். மறுநாளே பஸ் முதலாளி ஏழு பேரையும் வேலையிலிருந்து நீக்கினார். காட்டிக்கொடுத்தது சென்றாயன்தான் என்று பாஷா முடிவுகட்டினார்.

பழிவாங்க ஒரு கதை எழுதி பள்ளிப் பையன்கள் நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார். விண்கப்பல் ஓட்டிகள் ஏழு பேரை முதலாளி விரட்டுகிறான். நட்சத்திரங்களுக்குப் போகும் வழி அவர்களுக்கு மட்டுமே மனப்பாடம். ஏழு பேரும் சங்கம் கட்டிக் கப்பலைத் தொட மறுக்கிறார்கள். கிரகங்களின் ராஜாக்களே வந்து அவர்கள் காலில் விழுகிறார்கள். சங்கத்தின் முதல் தீர்ப்பு, துரோகி சென்றாயனைச் சந்திரனில் தனியாக இறக்கிவிடுவது.

ஊரே படித்தது. "கண்டக்டரே, சந்திரனுக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்று பஸ்ஸிலேயே கேட்டார்கள். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். கதையைப் பிரதி எடுத்த நானும் சிரித்தேன்.

1973-இல், டீக்கடையில் வடை மடிக்க வந்த பஸ் ஆபீசின் பழைய காகிதங்களில், 1965-இல் பாஷா எழுதிய ஓட்டக் கணக்குத் தாளான டிரிப் ஷீட் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் சங்கத்தின் ஏழு பெயர்களையும் அவரே எழுதி, மறதியாக ஆபீசில் கொடுத்திருந்தார்.

"அவனைச் சந்திரன்லருந்து திரும்பக் கூட்டியார இன்னொரு அத்தியாயம் எழுதறேன், தம்பி" என்று அதைப் பார்த்த பாஷா என்னிடம் சொன்னார். எழுதாமலே இறந்துபோனார்.

பி.ஏ. முடித்த நான் அந்த அத்தியாயத்தை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. சென்றாயனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"உன்னோடது செரி, தம்பி" என்றார். "பாயோட கதை அப்படியே நிக்குதே."